ஐ.சி.யூ.வில் எழுதும் எண்கள் எங்கே போகின்றன?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவின் பதிவுகளைப் பற்றியவை. ஐ.சி.யூ. மருத்துவனாக நான் அதிகம் கவலைப்படும் விஷயம் இது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமனார் ஐ.சி.யூ.வில் இருந்தபோது சிஸ்டர்கள் மணிக்கு ஒரு தரம் பெரிய தாள் ஒன்றில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர் வீட்டுக்கு வந்தபிறகு அந்தத் தாள் என்ன ஆகும்? யாராவது பார்ப்பார்களா? - ஒரு வாசகி

பதில்: ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, காய்ச்சல், எவ்வளவு சலைன் ஏறியது, எவ்வளவு சிறுநீர் வந்தது, வென்டிலேட்டரில் என்ன அளவு வைத்திருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த ரவுண்ட்ஸில் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். நோயாளி வீட்டுக்குப் போனதும் பல மருத்துவமனைகளில் அது கட்டோடு கட்டாக ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும், அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை.

சில நாடுகளில் அப்படி விடுவதில்லை. அந்தத் தாளிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, எல்லா ஐ.சி.யூ.க்களும் ஒரே வரையறைப்படி ஒரு பொதுப் பதிவேட்டுக்கு அனுப்புகின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்கின்றன. பிரிட்டனில் ஐக்நார்க் என்ற அமைப்பு 1994இல் வந்தது, நெதர்லாந்தின் தேசியப் பதிவேடு 1996இல். வயது, எதற்காகச் சேர்த்தார்கள், முதல் 24 மணி நேரத்தில் உடல்நிலை எவ்வளவு மோசமாகப் போனது, எத்தனை நாள் வென்டிலேட்டர், கடைசியில் உயிரோடு வீட்டுக்குப் போனாரா என்று சில டஜன் விவரங்கள்தான். ஆனால் அதுவே லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சேரும்போது, ஒரு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்ணில் படாத விஷயங்கள் தெரியவருகின்றன.

இன்னொரு வகையும் உண்டு. மானிட்டர் காட்டியது, லேப் ரிசல்ட், ஏற்றிய ஒவ்வொரு மருந்து, சிஸ்டர் எழுதிய குறிப்பு என்று அந்தத் தாளை அப்படியே, நேரத்தோடு, சேர்த்துவைப்பது. பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய ‘மிமிக்’ அப்படிப்பட்டது. 2016இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பில் 2001 முதல் 2012 வரை அந்த ஒரு மருத்துவமனையில் இருந்த 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் இருக்கின்றன.

கேள்வி: 12 மணி நேர டியூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகக் கட்டங்களை நிரப்பச் சொல்கிறார்கள். எதற்கென்று கேட்டால் ‘குவாலிட்டிக்கு’ என்கிறார்கள். தொற்று கூடினால் மட்டும் எங்களைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். இதனால் நோயாளிக்கு என்ன நன்மை? - பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்: சிஸ்டர், உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் நிரப்பும் எண் திரும்ப உங்கள் வார்டுக்கே வந்து, அதைப் பார்த்து நீங்களும் மருத்துவரும் எதையாவது மாற்றினால்தான் நோயாளிக்கு நன்மை. மேலே போய் அங்கேயே நின்றுவிட்டால் அது உங்கள் நேரத்தைத் திருடுவதுதான், வேறு எப்படிச் சொல்ல.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம், சென்ட்ரல் லைன். கழுத்திலோ தோள்பட்டைக்குக் கீழோ பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டுவைக்கும் குழாய். அது வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தால் நோயாளி செப்சிஸில், அதாவது தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலையில், போய் நிற்பார். ‘இந்த மாதம் இரண்டு பேருக்குத் தொற்று’ என்று சொன்னால் அது அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், சென்ட்ரல் லைன் இருக்கிற நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறார்கள். மாத முடிவில் அந்தத் தினசரி எண்களைக் கூட்டினால் 400 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 லைன் நாட்களுக்கு 2 தொற்று, அதாவது ஆயிரம் லைன் நாட்களுக்கு 5. இப்போது போன மாதத்தோடு ஒப்பிடலாம், வேறு ஐ.சி.யூ.வோடும் ஒப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் எண்ணவில்லை என்றால் கூட்டுத்தொகை குறைந்து தொற்று விகிதம் கூடியதுபோலத் தெரியும், அதற்கும் உங்களைத்தான் திட்டுவார்கள்! எண்ணுகிறவர்களிடம் இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இதைச் சரியாகச் செய்த இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட்டும் அவருடைய குழுவும் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களைச் சேர்த்துக்கொண்டு, ஐந்தே ஐந்து விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள்: கை கழுவுவது, லைன் போடும்போது முழு அங்கியும் பெரிய துணி விரிப்பும், தோலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, முடிந்தவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை அன்றே எடுத்துவிடுவது. எதுவுமே புதிதில்லை, எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனால் மருத்துவர் ஒரு படியைத் தாண்டினால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள், தொற்றுக் கணக்கைத் தவறாமல் அந்தந்த ஐ.சி.யூ.வுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் லைன் நாட்களுக்குச் சராசரி 7.7ஆக இருந்த தொற்று, பதினெட்டு மாதத்துக்குள் 1.4ஆக இறங்கியிருந்தது.

உங்கள் மேலாளரிடம் இரண்டே இரண்டு கேளுங்கள். நாங்கள் நிரப்பியதிலிருந்து மாதம் ஒரு பக்கம் எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டுவீர்களா? யாரும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத கட்டங்கள் எவை, அவற்றை எடுத்துவிடலாமா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். நிரப்புகிறவருக்குப் பயன் தெரியாத கட்டம் கொஞ்ச நாளில் கடமைக்கு நிரப்பப்படும், அப்புறம் அந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

கேள்வி: ஒரு மருத்துவமனை ஐ.சி.யூ.வில் நூற்றுக்கு 10 பேர் இறக்கிறார்கள், இன்னொன்றில் 25 பேர். முதலாவதுதானே நல்ல ஐ.சி.யூ.? இதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டால் என்ன? - ஒரு வாசகர்

பதில்: இல்லை. முதலாவதில் திட்டமிட்ட அறுவை சிகிச்சை முடிந்து ஒரு ராத்திரி கண்காணிப்புக்கு வருகிறவர்களே அதிகம் இருக்கலாம். இரண்டாவதில் மற்ற மருத்துவமனைகள் கைவிட்டவர்கள் வந்து சேரலாம். வெறும் சாவு எண்ணிக்கையை வெளியிட்டால் நடக்கப்போவது, மோசமான நோயாளியைச் சேர்க்கவே ஐ.சி.யூ.க்கள் தயங்கும்.

இதற்காகத்தான் அமெரிக்க மருத்துவர் வில்லியம் நாஸ் குழுவினர் 1981இல் ‘அபாச்சி’ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள், 1985இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. முதல் 24 மணி நேரத்தில் 12 உடல் அளவுகளின் மிக மோசமான மதிப்பு, வயது, ஏற்கெனவே இருந்த நாள்பட்ட நோய் எல்லாம் சேர்த்து 71 வரை போகும் ஒரு மதிப்பெண். அதை வைத்து ‘இப்படிப்பட்ட நூறு பேரில் பொதுவாக இத்தனை பேர் இறப்பார்கள்’ என்று கணக்கிடலாம். 20 பேர் இறக்கக்கூடும் என்று கணக்கு சொல்லி, நிஜத்தில் 18 பேர் இறந்தால் விகிதம் 0.9. ஒன்றுக்குக் கீழே இருந்தால் எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் என்று அர்த்தம். 25 பேர் இறந்த ஐ.சி.யூ.வுக்கு 0.8 வருவதும், 10 பேர் இறந்ததற்கு 1.3 வருவதும் சாத்தியம்தான்.

நாஸ் குழு 1986இல் அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் 5,030 நோயாளிகளை இப்படி ஒப்பிட்டுப் பார்த்தது. நல்ல ஐ.சி.யூ.வுக்கும் மோசமானதற்கும் இருந்த வேறுபாடு கருவிகளோடு பொருந்தவில்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் எவ்வளவு ஒருங்கிணைந்து பேசி வேலை செய்தார்கள் என்பதோடுதான் அதிகம் பொருந்தியது. அதைப் படித்ததிலிருந்து, எந்த ஐ.சி.யூ.வுக்குப் போனாலும் ரவுண்ட்ஸில் சிஸ்டர் வாய் திறக்கிறாரா என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

ஆனால் இந்த மதிப்பெண்ணிலும் ஓட்டைகள் உண்டு. நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பீடு அபாச்சியில் 12 புள்ளி வரை கூட்டும். மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் போட்டவர் கூப்பிட்டால் எழமாட்டார். அதை மூளைப் பாதிப்பாகக் கணக்கில் சேர்ப்பதா, மயக்க மருந்துக்கு முன் இருந்த நிலையை எழுதுவதா? இரண்டு ஐ.சி.யூ. இரண்டு விதமாக எழுதினால், சிகிச்சையில் வித்தியாசமே இல்லாமல் ஒன்று நல்லதாகவும் மற்றது கெட்டதாகவும் தெரியும். ஐ.சி.யூ.வுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணினாலும் தப்பு. இறக்கும் தறுவாயில் வார்டுக்கு மாற்றப்பட்டவர், ‘இனி முடியாது’ என்று வீட்டுக்கு அழைத்துப் போகப்பட்டவர் எல்லாம் அதில் விடுபட்டுப்போவார்கள். அதோடு, ஆண்டுக்கு 10 சாவு எதிர்பார்க்கப்படும் சின்ன ஐ.சி.யூ.வில் 7 ஆனாலும் 13 ஆனாலும் அது தற்செயலாகவே இருக்கலாம். இதையெல்லாம் விளக்காமல் தரவரிசைப் பட்டியல் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். விளக்கத்தோடு வெளியிடுவதாக இருந்தால் முழு மனதாக ஆதரிப்பேன்.

கேள்வி: இவ்வளவு தகவல் சேர்த்து, அனுபவமுள்ள மருத்துவருக்குத் தெரியாத எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? - ஒரு வாசகர்

பதில்: நிறைய. பிரிட்டன் பதிவேட்டைப் பார்த்தபோது, ராத்திரியில் ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றப்படுகிறவர்கள் சில ஆண்டுகளிலேயே இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்ததும், அவர்களில் இறப்பு பகலில் மாற்றப்பட்டவர்களைவிட அதிகம் என்பதும் 2000இல் தெரியவந்தது. ராத்திரி மாற்றிய மருத்துவர் காலையில் வீட்டுக்குப் போய்விடுவார், அந்த நோயாளி மூன்றாம் நாள் வார்டில் இறந்தது அவர் காதுக்கே வராது. புது நோயாளிக்கு இடம் வேண்டுமென்று, இன்னும் முழுசாகத் தேறாதவரை அவசரமாக வெளியே அனுப்புகிறோம் என்பது பதிவேட்டைப் பார்த்தால்தான் புரிகிறது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் கதை இன்னும் முக்கியம், அதுவும் நம்மைப்போல் தோல் நிறம் அடர்ந்தவர்களுக்கு. 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, சேமித்துவைத்த பதிவுகளில் ஆக்சிமீட்டர் காட்டியதையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் தமனி ரத்தத்தில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிஜமாகவே 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஆக்சிமீட்டர் எண்ணும் தமனி ரத்த எண்ணும் எல்லா ஐ.சி.யூ. தாளிலும் பல வருடமாக அருகருகே எழுதப்பட்டுத்தான் வந்தன! அதனால் நோயாளி மூச்சுக்குத் திணறுகிறார், கருவி மட்டும் 94 என்கிறது என்றால் ஏ.பி.ஜி. என்ற தமனி ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.

இதோடு ஒன்று: தெரிந்ததைச் செய்கிறோமா என்பதையும் பதிவுதான் காட்டும். நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவருக்கு வென்டிலேட்டரில் சிறிய மூச்சாகக் கொடுத்தால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்பது 2000லேயே நிரூபணமாகிவிட்டது. 2016இல் வெளியான, 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களைப் பார்த்த ஆய்வில், அந்த நோய் இருந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் மருத்துவர்கள் அதை அடையாளம் கண்டிருந்தார்கள். பலருக்குப் பெரிய மூச்சே போய்க்கொண்டிருந்தது. இந்த மூச்சின் அளவை நோயாளியின் எடையை வைத்து முடிவு செய்யக்கூடாது, உயரத்தை வைத்துத்தான். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 95 கிலோ இருந்தாலும், கணக்கில் எடுக்கவேண்டியது 66 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி என்றால் சுமார் 400 மில்லி. எடையை வைத்துப் போட்டால் 570 ஆகிவிடும். உங்கள் ஐ.சி.யூ. பதிவில் ‘உயரம்’ என்ற கட்டம் எத்தனை பேருக்குக் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படுத்திருப்பவரை டேப் வைத்து அளக்க ஒரு நிமிஷம் போதும்.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். மிமிக் தரவை வைத்து செப்சிஸை முன்கூட்டியே சொல்லும் மாடல் ஒன்று செய்திருக்கிறேன். 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்கிறது. மருத்துவமனைகள் ஏன் இதையெல்லாம் பயன்படுத்தாமல் இருக்கின்றன? - ஒரு இளைஞர்

பதில்: தம்பி, ஆர்வத்துக்கு வாழ்த்து. ஆனால் முதலில் உங்கள் மாடல் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று தோண்டிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் எழுதியது, பிளட் கல்ச்சர் அனுப்பியது, லாக்டேட் பார்த்தது இவையெல்லாம் உள்ளே போயிருந்தால், மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டதைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போனதென்றால், ரிசல்ட் நார்மலாக வந்தாலும், யாரோ பயந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பயத்தையும் மாடல் கற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செப்சிஸ் எச்சரிக்கை மாடலை 2021இல் வெளியாட்கள் சோதித்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம், சேர்ந்த நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்திருந்தது. ஏற்கெனவே அலாரச் சத்தத்தில் வேலை செய்யும் சிஸ்டருக்கு அது எப்படி இருக்கும்?

இன்னொன்று, ‘இந்தச் சிகிச்சை கொடுத்தவர்கள் அதிகம் இறந்தார்கள்’ என்று தரவு சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். இதயத்துக்குள் செலுத்தி அழுத்தம் அளக்கும் ஸ்வான்-கான்ஸ் குழாய் பற்றி 1996இல், 5,735 நோயாளிகளின் பதிவுகளை வைத்து, குழாய் போட்டவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு வந்து பெரிய அதிர்ச்சியைக் கிளப்பியது. பிறகு பிரிட்டனில் குலுக்கல் முறையில் பிரித்து 1,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள்: தீங்கும் இல்லை, பலனும் இல்லை. மோசமாக இருந்தவர்களுக்குத்தான் அந்தக் குழாயைப் போட்டார்கள், எந்தக் கணக்கு போட்டாலும் அதை முழுசாகக் கழித்துவிட முடியவில்லை. அதற்காக அந்த முதல் ஆய்வு வீண் என்று சொல்லமாட்டேன், அது எழுப்பிய கேள்வியால்தான் இரண்டாவது நடந்தது. இப்போது பதிவேட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட சோதனைகளை நடத்துகிறார்கள். வயிற்றுப்புண் வராமல் கொடுக்கும் இரண்டு வகை மருந்துகளை 5 நாடுகளின் 50 ஐ.சி.யூ.க்களில் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 27,000 பேர். பெரும்பாலும் வழக்கமாகச் சேரும் தரவையே பயன்படுத்தினார்கள். உங்களைப் போன்றவர்கள் கைகொடுக்கவேண்டிய இடம் இதுதான். ஒரு ஐ.சி.யூ.வில் நான்கு நாள் சிஸ்டர் பக்கத்தில் நின்று பாருங்கள், அப்புறம் மாடலைத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: நம்மைப் பற்றிய தகவலை நம்மைக் கேட்காமல் எடுப்பது சரியா? - ஒரு வாசகி

பதில்: பெயர், முகவரி, அடையாள எண் எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் ஆராய்ச்சிக்குத் தரவேண்டும். மிமிக்கில் தேதிகளைக்கூட இஷ்டத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள், நோயாளிகள் 2100க்குப் பிறகு சேர்ந்ததாகத் தெரியும். மூன்றாம் பதிப்பில் 89 வயதைத் தாண்டியவர்களின் வயது 300 என்று வரும். பயிற்சி முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கே அனுமதி. உண்மையான ஆபத்து, சிஸ்டரும் மருத்துவரும் சொந்த வாக்கியத்தில் எழுதும் குறிப்புகளில்தான், அதில் மகனின் பெயர், வேலை, ஊர் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். உங்கள் மருத்துவமனையிடம் ‘என் தகவல் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் விலகலாமா’ என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பதில் தெரியாமல் முழிக்கிற இடமாக இருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எட்டுப் படுக்கை உள்ள சின்ன ஐ.சி.யூ. எங்களுடையது. மென்பொருளும் இல்லை, ஆளும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? - ஒரு இளம் மருத்துவர்

பதில்: மென்பொருளுக்காகக் காத்திருக்கவேண்டாம் டாக்டர். ஒரு நோயாளிக்கு ஒரு வரி, கோடு போட்ட நோட்டு போதும். வயது, எதற்காக வந்தார், சேர்ந்த தேதியும் நேரமும், உயரம், வென்டிலேட்டர் போட்ட நாளும் எடுத்த நாளும், சென்ட்ரல் லைன் போட்ட நாளும் எடுத்த நாளும், வெளியே போன நேரம், 48 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தாரா, மருத்துவமனையிலிருந்து உயிரோடு போனாரா. இவ்வளவுதான். அபாச்சி எல்லாம் இது ஆறு மாதம் விடாமல் நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வரி எழுதுவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு தலைப்புக்கும் என்ன அர்த்தம் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு தடவை சேர்ந்தவருக்கு ஒரு வரியா இரண்டா? வேறு மருத்துவமனைக்கு மாற்றியவருக்குக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது? இதை அப்போதைக்கப்போது முடிவு செய்தால் வருடக் கடைசியில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். மாதா மாதம் பத்து கேஸ் ஷீட்டைக் கண்ணை மூடி எடுத்து, நோட்டில் இருப்பதோடு இன்னொருவர் ஒத்துப்பார்க்கட்டும். முதல் ஆறு மாதத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் திருத்த முயற்சி செய்யுங்கள். என்னைக் கேட்டால், தேவையில்லாமல் கிடக்கும் சென்ட்ரல் லைன் நாட்களில் ஆரம்பிப்பேன், அதற்குப் பணமே செலவில்லை, காலை ரவுண்ட்ஸில் ‘இது இன்றைக்கும் வேண்டுமா’ என்று சிஸ்டர் கேட்டால் போதும்.